பெண்ணிய ஆய்வாளர்களை விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி? யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

1980களில் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு விழா மலரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தோட்டங்களில் கூலிக்குப் போகும் பெண்களைப் பற்றி நாலு பக்கத்தில் அருமையான கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. எழுதியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'திருமதி' என்று போட்டு, பின்னால் கணவரின் பெயரை அச்சடித்திருந்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் மலரின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதே மலரில் எழுதிய ஆண்களுக்குத் தலைப்பெழுத்து, பட்டம், பதவி எல்லாம் ஒழுங்காக இருந்தன.

விக்கிப்பீடியாவில் பெண் ஆய்வாளர்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். கணினி தெரியாதே, விக்கிக் குறியீடு தெரியாதே என்று பயந்துகொண்டு வருவார்கள். அவை ஒரு பின்னேரத்தில் பழகிவிடும். யாரைப் பற்றி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பிடிப்பதுதான் நாள்களைத் தின்னும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தேடலைப் பற்றியே இருக்கும். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைச் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன்.

2014இல் ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுக்கு உரியவை நூற்றுக்குப் பதினைந்து அளவில்தான் இருந்தன. 2015இல் 'விமன் இன் ரெட்' என்றொரு திட்டத்தைச் சிலர் தொடங்கினார்கள். பக்கம் இல்லாத பெயர் விக்கிப்பீடியாவில் சிவப்பு நிறத்தில் தெரியும், பக்கம் வந்தால் நீலமாகும். அந்தச் சிவப்பில் நிற்கும் பெண்களை நீலமாக்குவதே அவர்களின் வேலை. இன்று அந்தப் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகியிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்க காலத்திலிருந்து வளர்த்தவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். ஆக, இது எங்களுக்குப் புதிய ஊர் இல்லை.

கணக்கும் தட்டச்சும்

கணக்குத் திறக்க ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும். பெயரைத் தெரிவுசெய்யும்போது மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பெயரோடு பக்கத்தின் வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும். போரைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் எழுதப்போகிறீர்கள் என்றால், ஊரும் பல்கலைக்கழகமும் தெரியும் உண்மைப் பெயரைவிடப் புனைபெயர் நல்லது. புனைபெயரில் எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் இன்னும் கனபேர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்கிறார்கள். பாமினிக் கோப்பை அப்படியே வெட்டி ஒட்டினால் விக்கிப்பீடியாவில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை வரி வரியாக வாசியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது வழக்கம்.

புதுக் கணக்கோடு நேரே புதுக் கட்டுரைக்குள் குதிக்கவேண்டாம். ஏற்கெனவே உள்ள பக்கங்களில் எழுத்துப்பிழை திருத்துங்கள், ஒரு வரிக்குச் சான்று சேருங்கள். ஒரு கிழமை இப்படிப் போனால் கை பழகிவிடும். உங்கள் பயனர் பக்கத்தோடு 'மணல்தொட்டி' என்றொரு இடம் கிடைக்கும். என்ன பிழை விட்டாலும் அங்கே யாரும் ஏச மாட்டார்கள்.

யாரை எழுதலாம்?

விக்கிப்பீடியாவில் 'குறிப்பிடத்தக்கமை' என்றொரு அளவுகோல் இருக்கிறது. ஒருவரோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த மூலங்கள் அவரைப் பற்றி ஓரளவு விரிவாகப் பேசியிருக்க வேண்டும். நல்ல ஆசிரியை, மாணவர்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்பதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அதை வைத்துக் கட்டுரை நிற்காது. அவர் எழுதிய நூலுக்கு மதிப்புரை வந்திருக்கிறதா, அவருடைய ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் எடுத்தாண்டிருக்கிறார்களா, தேசிய அளவிலான விருதோ பொறுப்போ கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கட்டுரை ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையைப் பற்றியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுத்த கல்வெட்டு மட்டுமே கையில் இருந்தது. (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே கல்வெட்டு என்பது இறந்தவரின் நினைவாக அச்சடிக்கும் சிறு புத்தகம். கல்லோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.) மறுநாளே பக்கத்தின் தலையில் நீக்கல் வார்ப்புரு, அதாவது இதை நீக்கவேண்டும் என்ற அறிவிப்பு, தொங்கியது. குடும்பத்தார் அச்சடித்த புத்தகத்தைச் சுயாதீனமான மூலமாக யார் ஏற்பார்கள்? பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் போன்ற சின்னத் தகவல்களுக்கு அது உதவும். அதிலே கட்டுரையைக் கட்ட முடியாது.

தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை, மூலங்கள் நிறைய உள்ள ஒருவரை எடுத்துப் பழகுங்கள். ராதிகா குமாரசுவாமி பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதலாவது சிறப்பு அறிக்கையாளர். 1994 முதல் 2003 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர், அவருடைய அறிக்கைகள் எல்லாமே பொதுவெளியில் கிடைக்கின்றன. மூன்றாம் உலக நாடுகளில் பெண்ணியமும் தேசியவாதமும் பற்றிக் குமாரி ஜயவர்த்தன 1986இல் வெளியிட்ட ஆங்கில நூல் உலகெங்கும் பாடநூலாக வாசிக்கப்படுகிறது. மலதி டி அல்விஸ் 2021இல் மறைந்த மானிடவியலாளர். தமிழில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தையும் 'நிவேதினி' சஞ்சிகையையும் நடத்திய செல்வி திருச்சந்திரன் இருக்கிறார், சித்திரலேகா மௌனகுரு இருக்கிறார். இவர்களுக்குப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வரியில் நிற்கும் பக்கத்தை முப்பது வரியாக்குவதும் இதே வேலைதான், நீக்கப்படும் பயமும் இல்லை.

எப்போதோ எழுதப்பட்ட பக்கத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்க்க ரஜனி திராணகம நல்ல எடுத்துக்காட்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர், மனித உரிமைச் செயற்பாட்டாளர், 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். 'முறிந்த பனை' என்ற நூலில் போர்க்காலப் பெண்களின் அனுபவங்களைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயமும், பெண்களுக்கான 'பூரணி' இல்லத்தைத் தொடங்கியதில் அவருக்கு இருந்த பங்கும் ஒரு வரியோடு போய்விடும். சாவு பத்து வரி, சிந்தனை ஒரு வரி. இப்படி நிற்கும் பக்கங்களில் இன்னொரு பகுதி சேர்ப்பது புதுக் கட்டுரை எழுதுவதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

தேடல்

சரி, ஒருவரைத் தெரிவுசெய்துவிட்டீர்கள். ஒரு கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் அவருடைய பெயர் அச்சில் எந்தெந்த வடிவங்களில் வந்திருக்கலாம் என்று எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மற்ற எல்லாமே இந்தப் பட்டியலில்தான் தொங்குகிறது.

கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர், இடையில் புனைபெயர். செல்வி என்ற பெயரையே பாருங்கள். செல்வி திருச்சந்திரனுக்கு அது பெயர். பழைய பத்திரிகையில் 'செல்வி' என்றால் பெரும்பாலும் கலியாணமாகாதவர் என்பதைச் சொல்லும் முன்னொட்டு. 'செல்வி' என்ற பெயரில் கவிதை எழுதியவரின் முழுப்பெயரோ செல்வநிதி தியாகராசா. தேடுபொறிக்கு இந்த வித்தியாசம் விளங்காது, நீங்கள்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

பிறகு எழுத்துக்கூட்டல். மௌனகுரு என்ற பெயரில் 'மௌ' ஒரே உயிர்மெய். அதையே சிலர் 'மெ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டு 'மெளனகுரு' ஆக்கியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமல் போகலாம். ஆங்கிலத்திலும் இதே தொல்லை. சித்திரலேகா என்பதன் முதல் எழுத்து எஸ்ஸில் தொடங்கியும் அச்சாகியிருக்கிறது, சி.எச்.சில் தொடங்கியும் அச்சாகியிருக்கிறது. எல்லா வடிவங்களையும் கொப்பியில் குறித்துவையுங்கள், கடைசியில் வழிமாற்றுப் பக்கங்கள் (வேறு வடிவத்தில் தேடுகிறவரைச் சரியான கட்டுரைக்குக் கொண்டுபோய் விடும் பக்கங்கள்) உருவாக்க அதே பட்டியல் உதவும்.

துறைச் சொற்களையும் இரண்டு கரையிலும் தேடவேண்டும். நாங்கள் 'பால்நிலை' என்கிறோம், தமிழ்நாட்டில் 'பாலினம்' என்பார்கள். இங்கே 'பெண்நிலைவாதம்' என்று அச்சானது அங்கே 'பெண்ணியம்'. இங்கே 'கலாநிதி', அங்கே 'முனைவர்'.

தேட முதலிடம் நூலகம் இணையத்தளம். 2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள் எல்லாம் வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. அங்கே 'ஆளுமை' என்ற தலைப்பில் பலருக்குச் சிறு பக்கங்கள் உண்டு. அந்தப் பக்கத்தை மேற்கோளாகப் போட அவசரப்படாதீர்கள். அடியில் 'வளங்கள்' என்று நூலக எண்ணும் பக்க எண்ணும் கொடுத்திருப்பார்கள், புதையல் அங்கேதான். அந்த எண்ணைப் பிடித்து மூல நூலுக்கே போய் வாசித்து, மூல நூலையே மேற்கோள் காட்டுங்கள்.

எல்லாம் இணையத்தில் வந்துவிடவில்லை. யாழ். பொது நூலகத்திலும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக நூலகத்திலும் என்ன இருக்கிறது என்று நேரே போய் விசாரியுங்கள். பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதற்கு முந்திய உள்ளூர் வெளியீடு ஒன்றின் மிஞ்சிய பிரதி யாராவது ஓய்வுபெற்ற ஆசிரியரின் அலுமாரியில் கிடக்கலாம். கேட்டால் தருவார்கள். தேத்தண்ணியும் தருவார்கள், இரண்டு மணித்தியாலம் கதையும் சொல்வார்கள். அந்தக் கதையை விக்கிப்பீடியாவில் நேராக எழுத முடியாது, அச்சில் வந்திருக்க வேண்டும். ஆனாலும் கேளுங்கள். "அது 'மல்லிகை'யில வந்தது, பிள்ளை" என்று பழைய சஞ்சிகை ஒன்றின் பெயர் விழுந்தால் அந்தப் பயணம் வீண் போகாது.

இணையத்தில் இல்லாத நூலை மேற்கோள் காட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகக் காட்டலாம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம். இவ்வளவும் இருந்தால் போதும். பழைய தமிழ்ப் புத்தகங்களில் சர்வதேச நூல் எண் இருக்காது, அந்தப் பெட்டியை வெறுமையாக விடுங்கள். பக்க எண்ணை மட்டும் விடாதீர்கள். கைத்தொலைபேசியில் அட்டை, பதிப்பு விவரப் பக்கம், தேவையான பக்கம் மூன்றையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பக்க எண் எடுக்க மறந்து, ஒரே ஒரு எண்ணுக்காகத் திரும்பவும் பேருந்து ஏறியவன் சொல்கிறேன்.

எழுதும்போது

ஒரு நல்ல விதி, சான்று இல்லாத வரியை எழுதாதீர்கள். மணல்தொட்டியில் முதலில் மேற்கோள்களை அடுக்கிவிட்டு, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். வெட்டி ஒட்டக்கூடாது. நூலகம் தளத்தில் வாசிக்கக் கிடைக்கிறது என்பதற்காக அதன் பதிப்புரிமை உங்களுடையதாகிவிடாது.

தலைப்பில் பட்டம் வேண்டாம். 'பேராசிரியர்', 'கலாநிதி', 'திருமதி' எல்லாம் தலைப்புக்கு வெளியே. முதல் வரிக்கு ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் விழா மேடைப் பழக்கத்தில் இப்படித்தான் வரும்: "பெண்ணினத்தின் விடிவெள்ளியாய்த் திகழும் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு அவர்கள் நாடகக் கலைஞர் சி. மௌனகுருவின் அன்பு மனைவியாவார்." இதில் அவர் என்ன செய்தார் என்ற தகவலே இல்லை. இப்படி எழுதலாம்: "சித்திரலேகா மௌனகுரு இலங்கைத் தமிழ் எழுத்தாளர், பெண்ணிய ஆய்வாளர். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். ஈழத்துப் பெண்களின் கவிதைத் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்' (1986) நூலைத் தொகுத்தவர்." அந்த நூலை யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்டது என்பதைக் கட்டுரையின் உள்ளே எழுதலாம். கணவரின் பெயர் 'வாழ்க்கை' என்ற பகுதியில் ஒரு வரி. அவருடைய கணவரும் புகழ்பெற்ற பேராசிரியர்தான், மறைக்க எதுவும் இல்லை. இடம்தான் கேள்வி. கணவரின் கட்டுரையிலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அங்கே இவருடைய பக்கத்துக்கு இணைப்பு இருக்கிறதா?

ஆய்வாளரின் பக்கத்தில் கனமாக நிற்கவேண்டியது ஆய்வுதான். என்ன கேள்வி கேட்டார், எந்தக் காலத்து எழுத்துகளை எடுத்தார், மற்றவர்கள் எங்கே உடன்பட்டார்கள், எங்கே மறுத்தார்கள்? நூல்களின் பெயர்களை மட்டும் நிரல்படுத்திவிட்டு எழும்பிவிடுகிறோம். ஒரு மதிப்புரையை வாசித்து இரண்டு பந்தி எழுதினால் வாசிக்கிறவருக்கு ஏதாவது கிடைக்கும். விமர்சனமும் வரட்டும், பாராட்டு மட்டும் நிறைந்த பக்கத்தை அனுபவமுள்ள பயனர்கள் உடனே சந்தேகிப்பார்கள்.

உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதும்போது இரட்டிப்புக் கவனம் வேண்டும். வீட்டு முகவரி, பிள்ளைகளின் பெயர், சாதி, பழைய காதல், இயக்கத் தொடர்பு என்று ஊரில் கதைப்பது எதுவும் உள்ளே வரக்கூடாது. போர்க்காலச் சாவுகளையும் காணாமற்போனவர்களையும் எழுதும்போது யார் செய்தது என்பதை உங்கள் குரலில் தீர்ப்பாகச் சொல்லாமல், எந்த மூலம் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்று எழுதுங்கள். இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரத்தம் கொதிக்கும், எனக்கும் கொதித்திருக்கிறது. கொதிப்பு அடங்கிய பிறகு எழுதினால் அந்த வரி அடுத்த வருடமும் அங்கேயே நிற்கும்.

உங்கள் ஆய்வு மேற்பார்வையாளர், தாயார், நீங்கள் வேலை செய்யும் அமைப்பின் தலைவி, இவர்களைப் பற்றி நீங்கள் எழுதாமல் இருப்பது நல்லது. இதை நலமுரண் என்பார்கள். எழுதியே ஆகவேண்டும் என்றால் கட்டுரையோடு சேர்ந்திருக்கும் உரையாடல் பக்கத்தில் உறவைச் சொல்லி, மூலங்களை அங்கே வைத்து, வேறொருவரை எழுதக் கேளுங்கள்.

படம் வேண்டுமென்றால் நீங்களே எடுத்ததை, விக்கிப்பீடியாக்களுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். முகநூலிலிருந்து எடுத்த படம் நிற்காது. கருத்தரங்கு ஒன்றில் ஆளைக் கண்டால், பதிவேற்றலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

பதிப்பித்த பிறகு

மணல்தொட்டியிலிருந்து நகர்த்திப் பதிப்பித்ததோடு வேலை பாதிதான் முடிந்தது. பகுப்புகள் (கட்டுரையை வகைப்படுத்தும் தலைப்புகள்) சேருங்கள். கொப்பியில் உள்ள பெயர் வடிவங்களுக்கு வழிமாற்றுகள் உருவாக்குங்கள். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளமான விக்கித்தரவில் அவருக்கு ஓர் உருப்படி இருக்கிறதா என்று பார்த்து இணையுங்கள், மாற்றுப் பெயர்களை அங்கேயும் இடலாம். முக்கியமாக, வேறு கட்டுரைகளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். அவர் படித்த ஊர், கற்பித்த பல்கலைக்கழகம், எழுதிய சஞ்சிகை, ஆய்வு செய்த துறை, இவற்றின் பக்கங்களில் அவர் பெயர் பொருத்தமான இடத்தில் வரவேண்டும். ஒருவரும் வழிகாட்டாத பக்கத்துக்கு வாசகர் எப்படி வருவார்?

நீக்கல் வார்ப்புரு விழுந்தால் பதறவேண்டாம். கோபத்தில் அதை அழித்துவிடவும் வேண்டாம். உரையாடல் பக்கத்தில் மூலங்களை வரிசையாக வைத்து, பதிலின் முடிவில் நான்கு அலைக்குறிகள் (~~~~) இட்டுக் கையொப்பமிடுங்கள். விளங்காததை 'ஒத்தாசைப் பக்கத்தில்' கேட்கலாம், பொதுவான விவாதத்துக்கு 'ஆலமரத்தடி' இருக்கிறது. கனடிய இயற்பியலாளர் டொனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய ஆங்கில வரைவைப் போதிய மூலம் இல்லையென்று 2018 மே மாதம் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது, அன்றுதான் பக்கமும் வந்தது. திருப்பி அனுப்பியவர் அவருடைய தகுதியை அளக்கவில்லை, வரைவின் அடிக்குறிப்பை அளந்தார். உங்கள் கட்டுரையையும் அப்படித்தான் அளப்பார்கள்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க விரும்புவோருக்கு மொழிபெயர்ப்புக் கருவி உண்டு. இயந்திரம் தரும் தமிழை அப்படியே பதிப்பிக்காதீர்கள், அதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. கணக்குக்கு ஆறு மாதம் நிறைந்து, ஐந்நூறு திருத்தங்களும் சேர்ந்து, தொடர்ந்தும் எழுதிக்கொண்டிருந்தால் 'விக்கிப்பீடியா நூலகம்' என்ற சேவை திறக்கும். பணம் கட்டி வாசிக்கவேண்டிய ஆய்விதழ்களை அதன் வழியே இலவசமாக வாசிக்கலாம். நூல் மதிப்புரைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

மூலம் போதாவிட்டால் என்ன செய்வது? தனிக் கட்டுரை வேண்டாம். வேறு கட்டுரை ஒன்றில் ஒரு வரியாக, சரியான பெயரோடு, சான்றோடு வையுங்கள். அந்த விழா மலர்ப் பெண்ணின் சொந்தப் பெயர் ஒருநாள் பழைய பள்ளிக்கூட ஆண்டு மலரின் பரிசுப் பட்டியலில் கிடைத்தது. கலியாணத்துக்கு முந்திய பெயர், தகப்பனின் தலைப்பெழுத்தோடு. கட்டுரைக்கு அது போதாது. இப்போதைக்கு அவருடைய பெயரும் வடிவங்களும் என் கொப்பியில் ஒரு பக்கத்தில் இருக்கின்றன, கீழே மூலங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.